பத்துக்குப் பதிமூணு

ரொம்ப நாளாச்சு பதிவு எழுதி. ஆணி ஜாஸ்தி மக்களே. அதுவும் நம்ம ஆணி கொஞ்சம் விசேஷமான ஆணி. "நீ அந்தக் கம்பெனியில என்னதான்யா பொட்டி தட்டுற?"ன்னு நாலஞ்சு பேரு கேட்டு, ஒவ்வொரு தடவையும் "அது வந்து..."ன்னு இழுத்துப் பேச்சை மாத்தியிருக்கேன். இன்னிக்கு அதைச் சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி எடுத்துட்டு வந்துடுங்க.

டிஸ்கியை முதல்லயே போட்டுடுறேன். இதுல ராணுவ ரகசியம் ஒண்ணும் கிடையாது. கம்பெனி பேரு, ஊரு பேரு, ஆளு பேரு எதுவும் வராது. கருவியோட நிஜமான அளவுகளும் வராது. கணக்குக்காக நான் போடுற எண்ணெல்லாம் எந்த இயற்பியல் புத்தகத்தை வச்சும் நீங்களே போட்டுப் பாக்கலாம்.

விஷயம் இதுதான். ராணுவத்துல லேசர் கருவிகள் இருக்கு. தூரம் அளக்குறது, குறி காட்டுறது, ராத்திரியில பாக்குறதுன்னு பல வகை. அதெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு சோதிக்கிறதுக்கு ஒரு பொட்டி வேணும். கையில தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும். அந்தப் பொட்டியைச் செய்யுற ஒரு சின்னக் கம்பெனியிலதான் 2021ல இருந்து குப்பை கொட்டுறேன். பெங்களூர்ல, மொத்தம் நாப்பது பேரு. படிச்சது ஈ.சி.ஈ., எழுதுறது சாஃப்ட்வேர்.

அம்மாகிட்ட இதை ஒரு தடவை விளக்கிப் பாத்தேன்.

"மிலிட்டரிக்காரங்க டார்ச் சரியா எரியுதான்னு பாக்குற பொட்டிம்மா."

"பட்டனை அமுக்குனா தெரிஞ்சிடப் போவுது. அதுக்கு நாலு வருஷம் இன்ஜினியரிங்காடா?"

அம்மா கேட்டது தமாஷா இருந்தாலும் நியாயமான கேள்வி. பட்டனை அமுக்குனா ஏன் தெரியாதுன்னு சொல்லணும்னா, தூரம் அளக்குற கருவி எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லணும்.

தியோடர் மெய்மன் முதல் லேசரை எரிய விட்டது 1960 மே 16. அது மாணிக்கக் கல் லேசர். அதுக்கப்புறம் சில வருஷத்துலயே ராணுவங்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. காரணம் சுலபம். எதிர்ல இருக்குற டாங்கி ரெண்டு கிலோமீட்டரா ரெண்டரையா தெரியாம சுட்டா குண்டு முன்னாடி விழும், இல்ல தாண்டிப் போகும். லேசரை ஒரு வெட்டு வெட்டினா, அது போய் மோதித் திரும்பி வர்ற நேரத்தை வச்சுத் தூரம் சொல்லிடலாம்.

ஒளி ஒரு நானோ வினாடிக்கு 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்பணும்ல, அதனால ஒரு மைக்ரோ வினாடிக்கு 150 மீட்டர்னு கணக்கு. மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்குற பொருள்ல பட்டு வர 20 மைக்ரோ வினாடி. தூரம் அஞ்சு மீட்டருக்குள்ள துல்லியமா வேணும்னா 33 நானோ வினாடியைப் பிரிச்சுப் பாக்கத் தெரியணும்.

இப்ப இந்தக் கருவி சரியாச் சொல்லுதான்னு எப்படிப் பாப்பீங்க? மூணு கிலோமீட்டர் தள்ளி ஒரு பலகையை நட்டு வச்சு அளக்கலாம். ஆனா பழைய ரகக் கருவிகள்ல இருக்குறது 1064 நானோமீட்டர் நியோடிமியம் யாக் லேசர். கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைப் பொசுக்கிடும். நேருக்கு நேரா வந்தா கிலோமீட்டர் கணக்கான தூரத்துல கூட ஆபத்து இருக்கலாம். நடுவுல ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் வந்தா போச்சு. ஒவ்வொரு தடவை சோதிக்கவும் அவ்வளவு பெரிய காலி மைதானத்துக்கு எங்க போறது?

அதனாலதான் பொட்டி. மூணு கிலோமீட்டரைப் பொட்டிக்குள்ள மடிச்சு வைக்கிறதுதான் எங்க பொழப்பு :-)

கருவி பொட்டிக்குள்ள ஒரு பல்ஸ் அடிக்கும். உள்ள இருக்குற சென்சார் அதைப் பிடிக்கும். அப்புறம் 20 மைக்ரோ வினாடி பொறுத்திருந்து, ரொம்பச் சன்னமா ஒரு பதில் பல்ஸைத் திருப்பி அனுப்புவோம். கருவி அதைப் பாத்துட்டு "ஆகா, 3000 மீட்டர்"னு நம்பணும். 2990னு காட்டினா ஒரு பிரச்சனை. ஒண்ணுமே காட்டலைன்னா வேற பிரச்சனை. பதில் பல்ஸை இன்னும் இன்னும் மங்கலாக்கி, எதுவரைக்கும் அதுக்குக் கண்ணு தெரியுதுன்னும் பாப்போம். மழை, தூசி, மூடுபனி இருக்குற நாள்ல அந்தக் கருவி எவ்வளவு தூரம் தாங்கும்னு அதுல தெரிஞ்சிடும்.

அந்த 20 மைக்ரோ வினாடியை எண்ணுற வேலைக்கு நம்ம சி ப்ளஸ் ப்ளஸ் ஆகாது. அதுக்குத் தனியா ஒரு எஃப்.பி.ஜி.ஏ. சிப். 100 மெகாஹெர்ட்ஸ்ல எண்ணினா ஒரு எண்ணிக்கைக்கு 10 நானோ வினாடி, அதாவது ஒன்றரை மீட்டர். சரி, அந்தச் சிப்போட கடிகாரமே தப்பா ஓடினா? அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கோம். ஒரு கிலோமீட்டர் ஒளியிழையை இட்லித் தட்டு அளவுக்குச் சுருளாச் சுத்தி வச்சிருக்கோம். கண்ணாடிக்குள்ள ஒளி மெதுவாப் போகும். அந்தச் சுருள் வழியா வெளிய வர 4.9 மைக்ரோ வினாடி ஆகும், கருவி அதை 734 மீட்டர்னு படிக்கும். அதுக்குக் கடிகாரமே தேவையில்லை. கண்ணாடி பொய் சொல்லாதுன்னு எங்க சீனியர் அடிக்கடி சொல்லுவாரு.

நான் எழுதுறது இதுக்கெல்லாம் மேல இருக்குற பகுதி. எத்தனை தடவை அடிக்கணும், கணக்கு என்ன, திரையில என்ன காட்டணும். கடைசியில பச்சையில "பாஸ்" இல்ல சிவப்புல "ஃபெயில்". அந்தப் பச்சை விளக்கு என்னோடது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

*

ஆரம்பத்துல எனக்கு இந்த வேலை மேல பெரிய மரியாதை எல்லாம் இல்லை. கூடப் படிச்சவங்க எல்லாம் கிளவுடு, ஏ.ஐ.ன்னு போய்க்கிட்டு இருக்க, நாம பொட்டிக்கு உறை தைக்கிற கூட்டத்துல உக்காந்திருக்கோமேன்னு இருக்கும். நிஜமாவே உறை தைக்கிற கூட்டம் நடந்துச்சு. தோள்பட்டை அறுக்காம எப்படித் தூக்குறதுன்னு ரெண்டு மணி நேரம் பேசினாங்க.

மெக்கானிக்கல் ஆளுங்க படுற பாட்டைப் பாத்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. பொட்டிக்குள்ள ஒரு கொலிமேட்டர் இருக்கு. வெளிச்சத்தை இணையான கதிரா மாத்தி, ரொம்பத் தூரத்துல இருந்து வர்ற மாதிரி காட்டுற குழாய். குறி பாக்குற கண்ணாடியும் லேசரும் ஒரே இடத்தைப் பாக்குதான்னு சோதிக்க இதுதான் ஆதாரம். ஒரு மில்லிரேடியன் விலகல்னா ஒரு கிலோமீட்டர்ல ஒரு மீட்டர், மூணு கிலோமீட்டர்ல மூணு மீட்டர். குறி டாங்கி மேல, லேசர் பக்கத்துப் புதர் மேல. 250 மில்லிமீட்டர் குவிய தூரம் உள்ள குழாய்ல, பத்துல ஒரு பங்கு மில்லிரேடியன்ங்கிறது 25 மைக்ரான். தலைமுடியோட கனத்துல பாதி கூட இல்லை.

அந்தக் குழாயை அலுமினியத்துல செஞ்சா, 30 டிகிரி சூடு ஏறினதும் 0.17 மில்லிமீட்டர் நீளும். சுத்தி ஒரே சீரா நீண்டாக் கூடப் பரவாயில்லை, ஃபோகஸ் மட்டும்தான் கெடும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டா வாழைப்பழம் மாதிரி வளையும். குறியே விலகிடும். இன்வார்னு ஒரு உலோகம் இருக்கு. 1896ல கியோம்ங்கிறவர் கண்டுபிடிச்சது, அவருக்கு 1920ல நோபல் பரிசு கிடைச்சுது. சூட்டுக்கு அசையவே அசையாது, அலுமினியம் நீளுறதுல இருபதுல ஒரு பங்குதான். ஆனா கனம் மூணு மடங்கு. "கையில தூக்குற பொட்டி"ன்னு சொல்லிட்டு அதைப் போட முடியுமா? எங்க முக்கா சண்டையும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான். துல்லியமா இருக்கணும்னா கனக்கும். லேசா இருக்கணும்னா நெளியும்.

அப்புறம் சட்டதிட்டம். ஜே.எஸ்.எஸ். 55555ன்னு நம்ம முப்படைக்கான சோதனை விதி. அஞ்சு அஞ்சு, மறக்கவே முடியாத நம்பர். சூடு, குளிர், ஈரம், தூசி, பூஞ்சை, குலுக்கல்னு பட்டியல் நீளும். அமெரிக்காக்காரன் வச்சிருக்குற மில் 810 விதியில, ஆள் சுமந்து போற பொருளை 122 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து 26 தடவை போடணும். ஆறு முகம், பன்னெண்டு விளிம்பு, எட்டு மூலை. கூட்டிப் பாருங்க, 26 வரும். நாலு மாசம் இழைச்சு இழைச்சுச் செஞ்ச பொட்டியை "தொம்"முனு போடுறதை நேர்ல பாத்தேன். அவ்வ்வ்வ்... எட்டாவது தடவை நான் வெளிய போயிட்டேன்.

கண்ணு விஷயத்துல மட்டும் யாரும் விளையாட மாட்டாங்க. 1064 நானோமீட்டர் வெளிச்சம் விழித்திரை வரைக்கும் போகும். போற வழியில கண்ணோட லென்ஸ் அதை ஒரு புள்ளியில குவிச்சு லட்சம் மடங்கு உக்கிரமாக்கிடும். வலிக்காது. பார்வையில ஒரு ஓட்டை விழுந்ததுக்கு அப்புறம்தான் தெரியும். எங்க சீனியருக்கு வலது கண்ல அப்படி ஒரு புள்ளி இருக்கு, முன்னாடி வேலை பாத்த இடத்துல வாங்கினது. படிக்கும்போது தலையை லேசா சாய்ச்சுக்கிட்டுப் படிப்பாரு. லேபுக்குள்ள போகும்போது வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாரு. அதுல பட்டுத் தெறிக்கும்னு. தங்கமணி முதல் தடவை "மோதிரம் எங்க?"ன்னு கேட்டப்ப நான் முழிச்ச முழி இருக்கே, அது தனிப் பதிவு.

*

இப்ப கதைக்கு வர்றேன். 2023 மே மாசம். ராஜஸ்தான்ல ஒரு ஊரு. வெயில் காலச் சோதனைன்னு ஒண்ணு உண்டு, வெயில் காலத்துல மட்டும்தான் நடத்த முடியும். எங்க டேமேஜரும் நானும் பொட்டியைத் தூக்கிட்டுப் போயிருந்தோம். 46 டிகிரி. பல்லு கூட சூடாகும்ங்கிறது அங்க போனப்புறம்தான் எனக்குத் தெரியும்.

அங்க இ.எம்.இ.ல, அதாவது ராணுவத்துல வண்டியில இருந்து கருவி வரைக்கும் ரிப்பேர் பாக்குற பிரிவுல, ஒரு ஹவில்தார். எங்கிட்ட ஹிந்தியிலயே பேசிட்டு இருந்தாரு. நான் போன்ல அம்மாகிட்ட "வேக வச்ச கிழங்கு மாதிரி இருக்கேன்மா"ன்னு சொன்னதைக் கேட்டுட்டு, "எந்த ஊரு தம்பி?"ன்னாரு. வேலூர் பக்கத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். அதுக்கப்புறம் நான் அவருக்குத் தம்பி, அவரு எனக்கு அண்ணன்.

அவருகிட்ட ஒரு கருவி இருந்துச்சு. பழைய ரகத் தூரமானி. "இது மதியானத்துல ஏமாத்துது தம்பி. சுட்டா சில நேரம் நம்பரே வராது. மூணு தடவை பெரிய பட்டறைக்கு அனுப்பிட்டேன். மூணு தடவையும் 'கோளாறு இல்லை'ன்னு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க" அப்படின்னாரு.

இந்தத் தொழில்ல இது ரொம்பப் பழைய வியாதி. கருவி வெயில்ல கோளாறு பண்ணும். அதை மூட்டை கட்டி ஏ.சி. ரூமுக்கு அனுப்புவோம். ஏ.சி. ரூம்ல சமத்தா இருக்கும். டாக்டர்கிட்ட போனதும் நிக்குற பல்வலி மாதிரி. கையில தூக்குற பொட்டி எதுக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது. அதுவரைக்கும் தூக்க வசதியா இருக்கணும்னுதான் நினைச்சுட்டிருந்தேன். நோயாளி எங்க, எப்ப முனகுறானோ, டாக்டர் அங்க, அப்பவே போகணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

"வெளியில வச்சுப் பாத்துடலாமா தம்பி?"

"தாராளமா அண்ணே. அதுக்குத்தானே வந்திருக்கோம்" - நான்தான், பெருமையா.

கருவியை ரெண்டு மணி நேரம் வெயில்ல வச்சோம். அப்புறம் பொட்டியை அதோட மாட்டி, கேபிள் சொருகி, பட்டனை அமுக்கினேன். எங்க சாஃப்ட்வேர் தானாவே கருவியைப் பத்து தடவை சுட வச்சு, தூரமும் சக்தியும் அளந்து முடிவு சொல்லும். திரையில வரிசையா எண்ணிக்கை ஓடுச்சு. கடைசியில பளிச்சுன்னு பச்சை. பாஸ்.

டேமேஜர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்துல நின்ன மேஜர் தலையாட்டினாரு. அண்ணன் மட்டும் ஒண்ணும் சொல்லலை. கருவியையே பாத்துட்டு நின்னாரு. மத்தவங்க டீ குடிக்கப் போனதும் எங்கிட்ட வந்தாரு.

"தம்பி, எத்தனை தடவை சுட்டுச்சு?"

"பத்து அண்ணே."

"நான் பதிமூணு எண்ணினேன்."

அந்தப் பழைய ரகத்துல உள்ள ஒரு பளிச்சு விளக்கு இருக்கும். அதுதான் லேசருக்குத் தீனி போடும். ஒவ்வொரு தடவை எரியும்போதும் "டிக்"குன்னு சின்னதா ஒரு சத்தம் கேக்கும். அவரு காதைக் கிட்ட வச்சு எண்ணியிருக்காரு. பதிமூணு டிக். திரையில பத்து.

எனக்கு அந்த வெயில்லயும் முதுகுத்தண்டு சில்லுன்னு ஆச்சு. ஏன்னா அந்த மூணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்.

*

ராத்திரி தங்கின இடத்துல லேப்டாப்பைத் திறந்து கோடைப் பாத்தேன். பாக்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் பாத்தேன். ஒரு பல்ஸ் வரலைன்னா சத்தம் போடாம மறுபடி சுடு, அதிகபட்சம் மூணு தடவை. பத்து நல்ல பல்ஸ் சேர்ந்ததும் கணக்குப் போட்டு முடிவு சொல்லு. எழுதினது யாருன்னு கேட்டா, என் பேரு. 2022ல ஒரு ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு. மேல ஒரு குறிப்பு: "தற்காலிகம். டெமோ முடிஞ்சதும் எடுத்துடணும்."

அப்ப எங்க சென்சார் போர்டுல ஒரு கோளாறு. நல்லா வந்த பல்ஸையே சில நேரம் தவற விட்டுடும். மறுநாள் டெமோ. மறுமுயற்சி போட்டேன், டெமோ நல்லா நடந்துச்சு. அப்புறம் போர்டைச் சரி பண்ணிட்டாங்க. நான் போட்ட ஒட்டு மட்டும் அப்படியே தங்கிடுச்சு. பொட்டி தட்டுற மக்களே, உங்க கோட்ல எத்தனை "தற்காலிகம்" இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா?

நம்ம உலகத்துல மறுமுயற்சி ஒரு நல்ல பழக்கம். நெட்வொர்க் அறுந்தா திரும்ப முயற்சி பண்ணு, பயனாளிக்குத் தெரியவே கூடாது. அதே பழக்கத்தைத்தான் இங்கயும் கொண்டு வந்து வச்சிருந்தேன். ஆனா டாங்கிக்குள்ள உக்காந்திருக்கிறவன் பட்டனை ஒரு தடவைதான் அமுக்குவான். எதிர்ல இருக்கிறவன் ரெண்டாவது முயற்சிக்கு நேரம் குடுக்க மாட்டான். விளக்கு எரிஞ்சும் லேசர் வராம போன அந்த மூணு தடவைதான் கருவியோட நோய். என் சாஃப்ட்வேர் அதைக் கண்டுபிடிச்சு, பத்திரமா மறைச்சு வச்சுட்டு, பச்சை விளக்கைப் போட்டிருக்கு. மூணு சீட்டு ஏற்கெனவே அவருக்குக் கிடைச்சிருந்துச்சு. நான் நாலாவது சீட்டு ஒட்டப் போயிருக்கேன்.

டேமேஜர் ரூம் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டு இருந்தாரு.

"நாளைக்குக் கையெழுத்து ஆயிடும். ஊருக்குப் போனதும் அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணி அனுப்பிடலாமே?"

எனக்கும் அந்த யோசனை வராம இல்லை. உண்மையைச் சொல்லணும்னா முதல்ல வந்ததே அந்த யோசனைதான். இன்னிக்கு வரைக்கும் அதை நினைச்சா கூச்சமா இருக்கு.

"அவரு எண்ணிட்டாரு சார்" அப்படின்னேன். வேற எதுவும் சொல்லத் தோணலை.

டேமேஜர் கெட்டவர் இல்லை. நாப்பது பேருக்குச் சம்பளம் போடுற கவலையில பாதி அவரு தலையில இருக்கு. விடியக்காலையில அவரே வந்து எழுப்பி, "நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்"னாரு.

சொன்னேன். மேஜர் கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். "முன்னாடி இந்தப் பொட்டியில பாஸ் ஆன மத்த கருவிங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. நல்ல வேளையா திரையில காட்டாட்டியும் உள்ள இருந்த பதிவுல ஒவ்வொரு டிக்கும் நேரத்தோட பதிவாகியிருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் எல்லாத்தையும் எடுத்து வச்சுப் பாத்தோம். மத்ததெல்லாம் சுத்தம். அண்ணனோட கருவி மட்டும் பதிமூணு.

அந்தப் பதிவை அச்செடுத்து, கருவியோட சேர்த்துப் பட்டறைக்கு அனுப்பினாங்க. இந்தத் தடவை அவங்க அதைச் சூடாக்கிப் பாத்திருக்காங்க. உள்ள லேசரோட கண்ணாடி ஒண்ணு பிடிமானம் தளர்ந்து, சூடு ஏறினா இம்மி விலகுது. ரெண்டு கண்ணாடி நேர்கோட்டுல இல்லைன்னா லேசர் பத்தாது, விளக்கு சும்மா எரிஞ்சு அணையும். அவ்வளவுதான் விஷயம்.

எங்க பொட்டிக்குச் சோதனை முடியலைன்னு எழுதிட்டாங்க. அடுத்த வெயில் காலத்துக்கு வாங்கன்னுட்டாங்க. ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. வர வேண்டிய பணம் நின்னுச்சு. அந்த வருஷம் யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. கூட வேலை பாக்குற ஒருத்தர், வீட்டு லோன் போட்டிருந்தவர், ஒரு மாசம் எங்கிட்ட பேசலை. அவரு கோபம் நியாயம்தான். நான் சொன்னதும் நியாயம்தான். ரெண்டு நியாயமும் ஒரே கேன்டீன்ல எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தோம்.

*

மாத்தினது பெருசா ஒண்ணும் இல்லை. மறுமுயற்சியைத் தூக்கிட்டேன். எத்தனை தடவை சுடச் சொன்னோம், எத்தனை பல்ஸ் வந்துச்சுன்னு ரெண்டு எண்ணையும் பெருசாத் திரையில போட்டேன். பக்கத்துலயே அந்த நேரத்து வெப்பநிலை. "20 டிகிரியில பாஸ்"க்கும் "46 டிகிரியில பாஸ்"க்கும் வித்தியாசம் தெரியணும்ல. எங்க சென்சார் மேலயே சந்தேகம் வந்தா அதைத் தனியாச் சோதிக்கப் பொட்டிக்குள்ளயே ஒரு குட்டி லேசர் வச்சோம். முதல்ல தன்னைத்தானே சோதிச்சுக்கும், அப்புறம்தான் அடுத்தவனைக் குறை சொல்லும். மனுசனுக்கும் இது நல்ல விதி.

கோடை எழுதி முடிக்க ரெண்டு நாள். அதுக்குக் குடுத்த விலை ஒரு வருஷம்.

ஒரு நண்பன் கேட்டான், "நீ இவ்வளவு நேர்மையாச் சரி பண்ணிக் குடுக்குறது ஆளைக் கொல்ற கருவியைத்தானே?"ன்னு. நியாயமான கேள்வி. 1999 ஜூன் 24ல டைகர் ஹில் மேல மிராஜ் விமானங்கள் போட்டது லேசர் வழிகாட்டுற குண்டு. மலை முகட்டுல ஒரு குறிப்பிட்ட இடத்துல விழணும்னு போட்டாங்க. வெளிச்சம் கொஞ்சம் விலகியிருந்தா எங்க விழுந்திருக்கும்னு யோசிச்சா எனக்குத் தூக்கம் வராது. சரியா விழுந்த இடத்துலயும் மனுசங்க இருந்தாங்கன்னு யோசிச்சாலும் தூக்கம் வராது. இதுக்கு எங்கிட்ட முழுப் பதில் இல்லை. தப்பான நம்பர் காட்டுற கருவி யாரையும் காப்பாத்துறதில்லைன்னு மட்டும் தெரியும். அதை வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு இருக்கேன்.

2024 மே மாசம் மறுபடியும் அதே ஊரு, அதே வெயில். அண்ணன் அங்க இல்லை. நடுவுல ரிட்டயர் ஆகி ஊருக்குப் போயிட்டாரு. அவரு கருவி மட்டும் பட்டறையில இருந்து திரும்பி வந்து அங்கயே இருந்துச்சு. நானே கேட்டு வாங்கி, அதே மாதிரி ரெண்டு மணி நேரம் வெயில்ல வச்சேன். பட்டனை அமுக்கிட்டு, திரையைப் பாக்காம காதைக் கிட்ட வச்சு எண்ணினேன்.

பொட்டி பாஸ் ஆச்சு. கையெழுத்தும் ஆச்சு. லோன் போட்டிருந்தவருக்குத்தான் முதல் போன். அவரு ரெண்டு நிமிஷம் பேசினாரு, அது போதும்.

ரெண்டாவது போன் வேலூருக்கு.

"அண்ணே, உங்க கருவியை இன்னிக்குப் பாத்தேன். 46 டிகிரி. பத்துக்குப் பத்து."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னாடி எங்கயோ மாடு கத்துறது கேட்டுச்சு.

"எத்தனை தடவை சுட்டு பத்து?"

"பத்தே தடவை அண்ணே. நானே எண்ணினேன்."

"அப்ப சரி தம்பி" அப்படின்னாரு.